சுகா என்ன தேடினாள்?

சுங்குவார்சத்திரம்
9.7.2024

அன்பு அக்காவுக்கு அன்னக்கிளி எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமா? உன் முழங்கால் வலி இப்போது எப்படி? இங்கே நாங்கள் இருக்கிறோம்.

போன் இருக்கும்போது இவள் என்னத்துக்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் போனில் கூப்பிட்டால் அத்தான் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைக்கிறார். எங்கள் வீடோ ஒற்றை அறை. நான் பேசினால் சுகா கேட்பாள், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களும் கேட்பார்கள். கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் கேண்டீனில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சுகப்பிரியா என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டாள் அக்கா. ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை செய்கிற காரியமா இது? அவள் பள்ளிக்கு ஒரு கம்பெனி கம்ப்யூட்டர்களும் சுவர் அகலத்துக்கு ஒரு டிவியும் வாங்கிக் கொடுத்திருக்கிறது. இன்டர்நெட் வருவது ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான். அதில் என்ன ஓடினாலும் அந்த டிவியிலும் ஓடுமாம். போன வாரம் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது இவள் தனியாக உள்ளே போய் எதையோ தேடியிருக்கிறாள். டிவி அணைக்காமல் கிடந்திருக்கிறது. இவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி அடித்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வந்து பார்த்தால், சுவர் முழுக்க அசிங்கமான படம்.

கம்ப்யூட்டர் சார் ராஜசேகர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தலைமையாசிரியை அறையில் நிறுத்தியிருக்கிறார். எனக்கு ஆள் விட்டார்கள். ஷிப்டில் பாதியில் பர்மிஷன் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினேன். வீட்டுக்கு வந்ததும் தோசைக்கரண்டியால் இரண்டு வைத்தேன். "என்னத்துக்குட்டி அதைப் பார்த்தே?" என்று கேட்டால் வாயே திறக்கவில்லை.

வெளியூர்ப் பிழைப்பில் மானம்தானே அக்கா மிச்சம். அவள் அப்பா வழக்கம்போல லாரியில் கார் ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருக்கிறார். வர இரண்டு வாரம் ஆகும். நீ இதை யாரிடமும் சொல்லாதே, அத்தானிடமும்.

கேண்டீன் சாம்பார் வாசனையே இப்போதெல்லாம் எனக்கு ஆகவில்லை. முடிந்தால் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு.

உன் தங்கை
அன்னக்கிளி

*

பரப்பாடி
16.7.2024

ஏட்டி அன்னம், பெருமாள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். என் முழங்காலுக்கு என்ன, அது என்னோடேதான் வரும். உன் காகிதத்தைப் படித்ததில் இருந்து எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நான் சமைக்கிற சத்துணவுக் கூடத்தில் இன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அந்தப் பாவமும் உன் பள்ளிக்கூடத்துக்காரர்களைத்தான் சேரும்.

முதலில் ஒன்று சொல். டிவியை அணைக்காமல் சோறு தின்னப் போனவன் யார்? கம்ப்யூட்டர் அறையைப் பூட்டாமல் போனவன் யார்? அந்த ராஜசேகர்தானே? அவன் காதை யார் பிடித்து இழுத்தார்கள்? பிள்ளை காது என்றால் மட்டும் எல்லோருக்கும் கை நீளும்.

அடுத்து உனக்கு. தோசைக்கரண்டி தோசை திருப்பத்தான் இருக்கிறது. பிள்ளை ஒன்றைத் தேடினாள் என்றால் அவளுக்கு ஒன்று தெரியவேண்டியிருந்தது என்று அர்த்தம். வீட்டில் கேட்க முடியவில்லை, பள்ளியில் கேட்க முடியவில்லை, பெட்டியிடம் கேட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்லத் துப்பில்லாதவர்கள் அடிக்க மட்டும் முந்திக்கொண்டு வருகிறீர்கள். எட்டாம் வகுப்பு வரைக்கும் எந்தப் பிள்ளையையும் வெளியே தள்ள அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. அதையும் தெரிந்து வைத்துக்கொள்.

ஆனால் நீ எழுதினதில் ஒன்று இடிக்கிறது. 'எதையோ தேடியிருக்கிறாள்' என்கிறாய். எதை? 'அசிங்கமான படம்' என்கிறாய். என்ன படம்? உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினவர்கள் அதைச் சொல்லாமலா இருந்திருப்பார்கள்? முழுக்க எழுது.

நார்த்தங்காய் பாட்டிலில் போட்டு, மதுரவாயலுக்குப் போகிற நம் சுப்பையா பையனிடம் கொடுத்திருக்கிறேன். ஊறுகாய் என்றாலே நெஞ்சு எரிகிறது என்று ஓடுகிறவள் கேட்டு வாங்குகிறாயே, அதிசயம்தான். சுகாக்குட்டியைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்து என் முத்தம் ஒன்று கொடு. அடித்த இடத்தில் கொடு.

கோபத்தோடும் பிரியத்தோடும்
அம்சவல்லி

*

சுங்குவார்சத்திரம்
30.7.2024

அன்பு அக்காவுக்கு, உன் காகிதமும் நார்த்தங்காயும் வந்து சேர்ந்தன. பாட்டில் பாதி காலி. நேற்று ஆடிக் கிருத்திகை, கம்பெனியில் என் லைனில் வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனார்கள். கூட்டத்தில் நிற்க முடியாது என்று நான் போகவில்லை. அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பைச் சொல்லு.

போன வெள்ளிக்கிழமை மறுபடியும் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியை காவேரி டீச்சர், ராஜசேகர் சார், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் வேறு யாரும் இல்லை, எங்கள் வீட்டுக்கார கோதண்டம் அண்ணன்தான். நிலத்தை விற்று லைன் வீடு கட்டி எங்களைப் போன்ற தெற்கத்தி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அவர் முன்னால் நான் என்ன பேச முடியும்?

"இன்னாமா அன்னக்கிளி, உம் பொண்ணு இன்னா காரியம் பண்ணிக்கீது பாத்தியா? வூடும் குடுத்து, ஸ்கூல்ல எடமும் வாங்கிக் குடுத்ததுக்கு நல்லா மரியாத பண்ணிட்ட. நம்மூரு பொம்பளப் புள்ளைங்களும் இங்கதான படிக்குதுங்க?" என்றார்.

ராஜசேகர் சார், இன்டர்நெட்டில் வேண்டாததை எல்லாம் தான் தடுத்து வைத்திருந்ததாகவும் இந்தப் பிள்ளை எப்படியோ உள்ளே புகுந்துவிட்டதாகவும் சொன்னார். டிவியை யார் அணைக்கவில்லை என்று நீ கேட்டது நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

காவேரி டீச்சர் கெட்டவர் இல்லை. சுகாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, "எதுக்கும்மா அதைத் தேடினே? காரணத்தை மட்டும் சொல்லு, நான் விட்டுடறேன்" என்று கேட்டார். இவள் என் முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"திமிரப் பாரு" என்றார் கோதண்டம் அண்ணன். இனிமேல் பெண் பிள்ளைகள் யாரும் கம்ப்யூட்டர் அறைக்குள் வரக்கூடாது என்று முடிவு பண்ணிவிட்டார்கள். பசங்கள் வரலாமாம், அவர்களுக்குப் பின்னால் வேலைக்கு ஆகுமாம். சுகா வகுப்புக்கு வெளியே வராந்தாவில் உட்கார வேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பேசி, டி.சி. கொடுத்து அனுப்புவதா வேண்டாமா என்று சொல்வார்களாம். கூடப் படிக்கிற பெண் பிள்ளைகள் எல்லாம், உன்னாலேதான் எங்களுக்கும் கம்ப்யூட்டர் போச்சு என்று இவளோடு பேசுவதில்லை.

இதில் ஒரு கூத்து அக்கா. ஆனி மாதம் கோதண்டம் அண்ணன் மருமகளுக்கு வளைகாப்பு. தெருவை அடைத்துப் பந்தல், மைக் செட், ஐந்து வகைச் சாதம். அந்தப் பெண் வயிற்றைக் கையால் ஏந்திக்கொண்டு நிற்கிற படத்தை இரண்டு ஆள் உயரத்துக்குப் பேனர் அடித்து பஸ் ஸ்டாப்பில் கட்டினார்கள். இன்னும் கழற்றவில்லை. தினமும் அதற்குக் கீழே நின்றுதான் நான் கம்பெனி பஸ் ஏறுகிறேன்.

நேரம் ஆகிவிட்டது, லைனுக்குப் போக வேண்டும்.

அன்னக்கிளி

*

பரப்பாடி
7.8.2024

அன்னத்துக்கு அக்கா எழுதுவது. சுகமெல்லாம் இருக்கட்டும். நான் கேட்டது என்ன, நீ எழுதினது என்ன? இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், சுகா என்ன தேடினாள் என்று ஒரு வரி இல்லை. உன் வாயில் என்ன கொழுக்கட்டையா?

பெண் பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாதாம்! எந்த ஊர் நியாயம்டி இது? உங்கள் கம்பெனியில் அந்தக் கம்ப்யூட்டருக்குள் போகிற சாமானை ஒட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் கால் கடுக்க நிற்கிறது யார்? பெண் பிள்ளைகள்தானே? செய்வதற்குப் பெண் வேண்டும், தொடுவதற்குப் பையனா? அந்தக் கோதண்டம் மட்டும் என் முன்னால் வந்தால் கேட்பேன்.

இங்கே எங்கள் பள்ளியில் தினமும் முட்டை அவித்துப் போடுகிறேன் அல்லவா? போன வாரம் இரண்டாம் வகுப்புக் குட்டி ஒன்று முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறது. "ஏம்ட்டி அழுத?" என்றால், "உள்ள குஞ்சு செத்துப் போயிருக்குமா?" என்கிறது. இந்த முட்டையில் குஞ்சு வராது, சேவல் கூட இருந்தால்தான் வரும், இது சேவல் இல்லாத பண்ணையில் இட்ட முட்டை என்று சொன்னேன். சேவல் என்ன பண்ணும் என்று கேட்டது. அதற்கும் அந்த வயசுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு முட்டையைத் தின்றுவிட்டுப் போயிற்று. வானம் இடிந்து விழவில்லை.

நீ சொல்லமாட்டாய் என்று தெரிந்துவிட்டது. இதோடு ஒரு இன்லண்ட் லெட்டர் வைத்திருக்கிறேன். வெளியே என் விலாசம் நானே எழுதிவிட்டேன். அதை சுகாவிடம் கொடு. நீ படிக்கக்கூடாது. அவளே எழுதட்டும், அவளே தபால் பெட்டியில் போடட்டும். தேவைப்பட்டால் பஸ் ஏறி வந்துவிடுவேன்.

அம்சவல்லி

*

சுங்குவார்சத்திரம்
14.8.2024

அன்பு அக்காவுக்கு, நாங்கள் சுகம். நீ வர வேண்டாம். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் எதற்கு? எல்லாம் தானாக ஆறிவிடும். நீ கொடுத்த காகிதத்தைச் சுகாவிடம் கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எழுதுவதாகத் தெரியவில்லை. நான்கு நாளாகப் பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறாள். காய்ச்சல் ஒன்றும் இல்லை. கம்பெனியில் ஓ.டி. அதிகம், வேறு விசேஷம் இல்லை.

அன்னக்கிளி

*

18.8.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு சுகப்பிரியா எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள், பெரியப்பா, அண்ணன்கள் எல்லோரும் நலமா? ஆட்டுக்குட்டி நலமா?

அம்மா படிக்கக்கூடாது என்று நீங்கள் சொன்னதாக அம்மாவே சொன்னாள், அதனால் எழுதுகிறேன். இதை நீங்கள் யாரிடமும் சொல்லக்கூடாது. சத்தியம்.

அம்மா தினமும் காலையில் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுக்கிறாள். குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைக்கிறாள். எனக்குக் கேட்கும். அவள் சுடிதார் இரண்டையும் பக்கத்தில் பிரித்துத் தைத்துக்கொண்டாள். படுக்கும்போது நான் மேலே கை போட்டால் எடுத்துவிடுகிறாள். ஒரு நாள் அவள் தூங்கும்போது தொட்டுப் பார்த்தேன், வயிறு கட்டியாக இருந்தது. அப்பாவின் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்துதானே செத்துப்போனார்கள்? அவர்களும் இப்படித்தான் வாந்தி எடுத்தார்கள். அம்மாவிடம் கேட்டேன். "சும்மா கிட" என்று சொல்லிவிட்டாள். அப்பாவிடம் போனில் கேட்டேன். "சின்னப் பிள்ளைக்கு எதுக்கு அதெல்லாம்" என்றார். அதனால் கட்டிதான் என்று முடிவு பண்ணினேன்.

கம்ப்யூட்டரில் 'அம்மா வாந்தி வயிறு பெரிசு செத்துப் போவாங்களா' என்று அடித்தேன். அதில் பாப்பா என்று வந்தது. ஒரு டாக்டர் பேசுகிற வீடியோவும் வந்தது, அதைத் தொட்டேன். அதில் ஒரு அம்மாவுக்குப் பாப்பா பிறந்தது. பார்க்கப் பயமாக இருந்தது பெரியம்மா. ஆனால் கட்டி இல்லை, பாப்பாதான் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுதேன். பின்னாடி பசங்கள் சிரித்தபோதுதான் டிவி ஓடுவது தெரிந்தது.

டீச்சர் காரணம் கேட்டார்கள். நான் சொல்லியிருப்பேன். ஆனால் அம்மாவோடு லைனில் வேலை செய்த பூஜா அக்கா ஒரு நாள் வீட்டுக்கு வந்து அழுதது எனக்குத் தெரியும். அந்த அக்காவுக்குப் பாப்பா வரப்போகிறது என்று தெரிந்ததும் சூப்பர்வைசர், போய் ரெஸ்ட் எடும்மா என்று அனுப்பினாராம். அப்புறம் கூப்பிடவே இல்லையாம். கோதண்டம் மாமா அங்கே உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். அம்மா என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று அவள் கண்ணில் இருந்தது. அதனால் சொல்லவில்லை.

அடித்தது வலிக்கவில்லை. வராந்தாவில் உட்காருவதுதான் பிடிக்கவில்லை. எல்லோரும் என்னைத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள்.

இப்படிக்கு
உங்கள் சுகா

*

பரப்பாடி
23.8.2024

அடிப்பாவி!

சுகம் கேட்க மனசு வரவில்லை. எத்தனை மாசம்டி? ஐந்தா, ஆறா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயே, அதுவும் என்னிடமே! நார்த்தங்காய் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மூன்று பெற்றவள் நான், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சுகா கேட்ட சத்தியத்தை மீறிவிட்டேன். அதற்கு அவள் காலில் விழுகிறேன். ஆனால் இதை உன்னிடம் சொல்லாமல் இருந்தால் என் நெஞ்சு வெடித்துவிடும்.

அந்தப் பிள்ளை நீ செத்துப்போவாயோ என்று பயந்து தேடியிருக்கிறாள். உனக்குக் கட்டி இல்லை என்று தெரிந்து சந்தோஷத்தில் அழுதிருக்கிறாள். அதை அசிங்கம் என்று ஊரே சொன்னது, நீயும் சேர்ந்து எனக்கு எழுதினாய். உன் வேலை போய்விடக்கூடாது என்று பன்னிரண்டு வயசுப் பிள்ளை வாயைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். நீ பார்த்துக்கொண்டு நிற்கிறாய். யாருக்கு யார் தாய்டி? நீ அவளுக்கா, அவள் உனக்கா?

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. காண்ட்ராக்ட் வேலை, இன்றைக்குப் போ என்றால் போக வேண்டியதுதான். வயசுக்கு வரப்போகிற பிள்ளையை வைத்துக்கொண்டு வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறாள் என்று நாலு பேர் சிரிப்பார்கள் என்ற கூச்சமும் இருக்கும். அந்தக் கூச்சம்தான் அன்னம் அவளைப் பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தது. ராஜசேகர் அணைக்காத டிவிக்கு முன்னாலேயே உன் வாய் அணைந்துவிட்டது.

கட்டின புருஷனோடு வாழ்ந்து பிள்ளை உண்டானதில் என்ன தப்பு? போய்ச் சொல். அந்தக் கூட்டத்தில் சொல். இல்லையென்றால் நான் வந்து சொல்லுவேன், மைக் இல்லாமலே சுங்குவார்சத்திரம் முழுக்கக் கேட்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். இரும்பு மாத்திரை சாப்பிடுகிறாயா? கீரை சேர்த்துக்கொள்.

அம்சவல்லி

*

பரப்பாடி
20.9.2024

அன்னம், உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போன் போட்டால் 'நல்லா இருக்கேன்' என்று வைத்துவிடுகிறாய். நான் அதிகமாகப் பேசிவிட்டேனா? பேசினது பேசினதுதான், ஒரு சொல்லைக்கூடத் திருப்பி வாங்கமாட்டேன். ஆனாலும் என் தங்கை நீ. மாசமாக இருக்கிறவளை இப்படித் திட்டினேனே என்று தூக்கம் வரவில்லை. நெல்லிக்காய் ஊறப்போட்டிருக்கிறேன். எழுது.

அக்கா

*

சுங்குவார்சத்திரம்
13.10.2024

அன்பு அக்காவுக்கு அன்னக்கிளி எழுதுவது. இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து, சுகாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் சுகம்.

உன் காகிதத்தை ஒரு மாதம் கம்பெனி லாக்கரில் ஒளித்து வைத்திருந்தேன். படித்த அன்றைக்கு உன்மேல் அவ்வளவு கோபம் வந்தது. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதால் வந்த கோபம். காவேரி டீச்சர் முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்கள், அது பிரசவ வீடியோ என்று. கேட்ட அந்த நொடியே எதற்குத் தேடினாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்து அடித்தேன். அதை உனக்கு எழுதவில்லை.

போன சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அந்தக் கம்ப்யூட்டர் அறையிலேயே நடந்தது. கம்பெனியில் கோட்டுப் போட்டு மறைக்கிற வயிற்றை அன்றைக்கு மறைக்கவில்லை. சேலை கட்டி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு சுகாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் என் வயிற்றைத்தான் பார்த்தார்கள். கம்பெனியில் என் லைனில் வேலை செய்கிற பெண்கள் நாலு பேரும் அங்கே இருந்தார்கள்.

கோதண்டம் அண்ணன் எழுந்து, "இந்தப் பொண்ணு மேட்டர மொதல்ல முடிச்சுடலாம். டி.சி.ய வாங்கிகினு மரியாதயா போயிடட்டும்" என்றார்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியவில்லை அக்கா. உன் குரல்தான் வந்தது. "எம்பிள்ளை என்ன தேடுனான்னு இங்க யாருக்காவது தெரியுமா? நான் சொல்லுதேன் கேளுங்க" என்று ஆரம்பித்தேன். "நான் மாசமா இருக்கேன். அதை அவகிட்ட நான் சொல்லலை, வேலைக்குப் பயந்து மறைச்சேன். எனக்கு வயித்துல கட்டி, செத்துருவேன்னு பயந்துதான் தேடியிருக்கா. நீங்க கேட்டப்போ என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டா. திமிருன்னு சொன்னீங்க. அது திமிரில்லை, அவ பட்ட கஷ்டம்."

"அதுக்காக ஸ்கூல்ல இந்த மாதிரி படத்தலாம் பாக்கறதா? அசிங்கமா இல்ல?" என்றார் அவர்.

"எதுண்ணே அசிங்கம்? உங்க மருமக வயித்தை ஏந்திக்கிட்டு நிக்க படம் பஸ் ஸ்டாப்புல ரெண்டு ஆள் உசரத்துக்கு நிக்கி. ஆனி மாசத்துல இருந்து இந்த ஊர்ப் பிள்ளைக எல்லாம் அதைப் பார்த்துக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருது. வளைகாப்புக்கு மைக் வச்சுக் கூப்பிட்டீங்க, எனக்கும் வளையல் போட்டீங்க. பேரன் பிறந்தான்னு போன வாரம் இந்தப் பள்ளிக்கூடத்துக்கே லட்டு குடுத்தீங்க. வயித்துல இருக்கதுக்குப் பந்தல், வெளிய வந்ததுக்கு லட்டு. நடுவுல எப்படி வந்துச்சுன்னு ஒரு பிள்ளை கேட்டா மட்டும் அசிங்கமா?"

யாரோ சிரித்தார்கள். அவர் முகம் கறுத்துவிட்டது. "இன்னாமா பேச்சு ஓவரா போவுது" என்று எழுந்தார். அவர் மனைவி சின்னப்பொண்ணு அக்கா பின்வரிசையில் இருந்து, "யோவ், நீ உக்காருய்யா. அந்தப் பொண்ணு கேக்கறது நாயந்தான? நான் ஆறு பெத்தேன், நாலு தங்கிச்சு. மொத புள்ள எப்டி வரும்னே தெரியாமதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த பயம் உனக்கு இன்னா தெரியும்?" என்றார். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ராஜசேகர் சாரைப் பார்த்து, டிவியை அணைக்காமல் போனது யார் என்றும் கேட்டுவிட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். காவேரி டீச்சர்தான், "அது எங்க தப்பும்மா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பெண் பிள்ளைகளுக்குப் போட்ட தடை போய்விட்டது. சுகா திங்கட்கிழமையில் இருந்து வகுப்புக்குள் உட்காருகிறாள். மாதத்தில் ஒரு நாள் நர்ஸ் ஒருவரை வரவழைத்துப் பிள்ளைகள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வைப்பதாக டீச்சர் சொல்லியிருக்கிறார். செய்தால் நல்லது.

சுகா பயந்தபடியேதான் ஆயிற்று. புதன்கிழமை சூப்பர்வைசர் கூப்பிட்டு, "ஏம்மா சொல்லவே இல்ல? போய் ரெஸ்ட் எடு, அப்புறம் கூப்பிடறோம்" என்று அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். பூஜாவிடம் சொன்ன அதே வார்த்தை. நானும் பூஜாவும் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் இல்லை, ஆனால் விடப்போவதில்லை. நவம்பர் வரைக்கும் மறைத்து ஓட்டியிருக்கலாமே என்று சுகாவின் அப்பா முனகினார். நீங்கள் போய் ஒரு நாள் அந்த வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றேன். அதோடு சரி.

கூட்டம் முடிந்து வரும் வழியில் டீக்கடைப் பக்கம் நின்று சுகாவிடம், "அடிச்சது தப்புட்டி" என்று சொன்னேன். சொல்லும்போது நான்தான் அழுதேன். அவள் என் முந்தானையை இழுத்துவிட்டு, "எல்லாரும் பாக்காங்க, வாம்மா" என்றாள்.

நெல்லிக்காயை அனுப்பு. நீயும் கூடவே வா.

உன் அன்னம்

*

22.12.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு சுகா எழுதுவது. நலம். நீங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தீர்களா? முழங்கால் எப்படி இருக்கிறது? தம்பி பால் குடித்துக் குடித்துத் தூங்குகிறான். நீங்கள் போனதில் இருந்து ராத்திரி அழுகிறான், நீங்கள் கெடுத்து வைத்துவிட்டீர்கள் என்று அம்மா சொல்லுகிறாள்.

நீங்கள் என் சத்தியத்தை மீறினீர்கள். ஆஸ்பத்திரியில் இட்லி வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டதால் விட்டுவிட்டேன்.

தம்பி பிறந்த அன்றைக்கு நீங்கள் மருந்து வாங்கப் போயிருந்தபோது பிரசவ வார்டு வாசலில் ஒரு ஆயா என்னை விரட்டினார்கள். "சின்னப் புள்ளைக்கு இங்க இன்னா வேல? இதெல்லாம் நீ தெரிஞ்சிக்கக் கூடாது" என்றார்கள். "எனக்குத் தெரியும். எங்க ஸ்கூல் முழுக்கத் தெரியும்" என்று சொன்னேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

பள்ளியில் நர்ஸ் ஒரு தடவை வந்தார்கள். பெண் பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்தார்கள். நான் எழுந்து பசங்களுக்கும் சொல்லுங்கள் மிஸ், அவர்கள்தான் சிரித்தார்கள் என்றேன். அடுத்த தடவை சேர்த்து உட்கார வைப்பதாக டீச்சர் சொன்னார்கள். பஸ் ஸ்டாப்பில் பேனர் மழையில் கிழிந்துவிட்டது. கம்பெனியில் இருந்து அம்மாவை இன்னும் கூப்பிடவில்லை. மனு ஆபீஸுக்கு அம்மா தம்பியையும் தூக்கிக்கொண்டுதான் போகிறாள்.

நேற்று சாயங்காலம் தம்பிக்கு எண்ணெய் தேய்க்கும்போது அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டேன். தம்பி எப்படி வெளியே வந்தான் என்பது எனக்குத் தெரியும், முதலில் எப்படி உள்ளே போனான் என்று கேட்டேன். அம்மாவின் காதெல்லாம் சிவந்துவிட்டது. அடுப்பு மேல் இருந்த தோசைக்கரண்டியைப் பார்த்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து, "உக்காரு, சொல்லுதேன்" என்றாள்.

உங்கள் சுகா